‘எந்தத் தெரு?’ என்று கேட்காமல் நம்மைப் போன்ற டாக்டரை, வக்கீலைக் காட்டும் தளம்: எப்படிக் கட்டலாம்?

பாளை வலைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே இணையதளம் கட்டித் தருகிறேன். ஒரு நகைக்கடை, ஒரு பள்ளிக்கூடம், இரண்டு கல்யாண மண்டபம், பத்தமடைப் பாய் விற்கும் ஒரு மகளிர் குழு. இதுவரை செய்தது இவ்வளவுதான். இப்போது வந்திருக்கும் வேலை வேறு மாதிரி.

என் பெரியம்மா மகள் அட்லாண்டாவில் நர்ஸ். அவளும் கூட வேலை பார்க்கும் நான்கு பேரும் சேர்ந்து ஒரு தளம் தொடங்க நினைக்கிறார்கள். அந்த நால்வரில் இருவர் கறுப்பினப் பெண்கள், ஒருத்தி மெக்சிகோக் குடும்பம், ஒருத்தி பிலிப்பைன்ஸ். வெள்ளையர் அல்லாதவர்கள் தங்களைப் போன்ற பின்னணியிலிருந்து வந்த டாக்டர், மனநல ஆலோசகர், வக்கீல், வரிக் கணக்கு பார்ப்பவர் ஆகியோரைத் தேடிப் பிடிக்க உதவும் தளம். அங்கே இதற்கு ‘பீப்புள் ஆஃப் கலர்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பார்த்தேன். “நிறமுள்ளவங்கம்மா” என்றேன். “அப்போ வெள்ளைக்காரனுக்கு நிறம் இல்லையோ? கண்ணாடியா அவன்?” என்றாள். நம் ஊரில் ‘கலர்’ என்ற பேச்சு பெண் பார்க்க வருகிற அன்றைக்குத்தான் வரும், அதுவும் கம்மி என்று சொல்வதற்கு.

அக்காவுக்குக் காலை ஒன்பது மணி என்றால் எனக்குச் சாயங்காலம் ஆறரை. போன வாரம் முழுக்கப் பேசினோம். அவள் அனுப்பிய தாளில் பதிவுப் படிவத்தின் முதல் கட்டமே ‘உங்கள் பின்னணி என்ன?’ என்று இருந்தது. கீழே ஒரு பட்டியல். தொட்டால் விரியும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டேன், பத்து நிமிட வேலை. அப்புறம் ராத்திரி உறக்கம் வரவில்லை.

ஏன் என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்து திரும்பி வந்து இங்கே வாடகை வீடு தேடிய மாதத்தில் பதினாலு வீடு பார்த்தேன். “எந்த ஊரும்மா?” சேரன்மகாதேவிப் பக்கம் என்பேன். “அங்க எந்தத் தெரு?” பாளையங்கோட்டையில் வீடு பிடிக்கிறவளுக்குச் சேரன்மகாதேவிப் பக்கத்துத் தெரு எதற்கு? தெருவைச் சொன்னதும் மோட்டார் ரிப்பேர் ஆகிவிடும், மகன் குடிவரப் போவான், ஏதாவது ஒன்று. இப்போது அதே கேள்வியை நானே ஒரு கட்டமாக வரைந்து, அழகாக ஓரம் வளைத்து, நீல நிறம் கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அதற்காக இந்த வேலையே தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதற்கு அம்மா கதையைச் சொல்ல வேண்டும்.

அம்மா முப்பது வருஷத்துக்கு மேலாகப் பீடி சுற்றுகிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கழுத்து வலி, நெஞ்சு படபடப்பு, உறக்கம் இல்லை. ஒரு டாக்டரிடம் போனோம். ஸ்கேன் எடுக்கச் சொன்னார், பார்த்தார். “வயசாகுதுல்லா, வேலையைக் குறைங்க.” மொத்தம் மூன்று நிமிடம் இருக்கும். மாத்திரை தீர்ந்தது, வலி தீரவில்லை. அப்புறம் வேறொரு ஆஸ்பத்திரி. அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா. அவர் ஸ்கேனைத் தொடவே இல்லை. அம்மாவின் வலது கையைத் திருப்பி விரல் நுனியைப் பார்த்தார். “ஒரு நாளைக்கு எத்தனை சுத்துவீங்க?”

“முந்தி ஆயிரம் சுத்துவேன், இப்ப அறுநூறுதான் முடியுது.”

“சுளகை மடியில வச்சா, முன்னால ஸ்டூல் போட்டா?”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்கம்மா முக்கூடல்ல சுத்துனாங்க.”

அவ்வளவுதான். அடுத்த இருபது நிமிடம் அம்மா பேசினாள், நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கொடுக்கிற இலை ஆயிரத்துக்குக் காணாது, குறைகிற இலையை வெளியே காசு கொடுத்து வாங்கிச் சரிக்கட்ட வேண்டும், கழிவு என்று தள்ளுகிற பீடிக்குக் கூலியும் கிடையாது. இதற்காக வாரக் கடன் வாங்கியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை கடன்காரர் வருவார் என்று திங்கட்கிழமை ராத்திரி உறங்கமாட்டாள். ஒரே வீட்டில் இருக்கிற எனக்கு இது தெரியாது. கழுத்துக்கு அந்த டாக்டரம்மா சொன்ன வைத்தியம் சுளகுக்கு அடியில் தலையணை வைத்து உயர்த்துவது. படபடப்புக்குச் சொன்னது கடனைப் பற்றி மகளிடம் சொல்வது.

அந்த டாக்டரம்மா எந்தத் தெரு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆகவே என் கேள்விகள். பதிவு செய்கிறவர் நிஜமாகவே டாக்டர்தானா, வக்கீல்தானா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு எப்படிச் சரிபார்ப்பது? பின்னணியை எப்படிக் கேட்பது, அல்லது கேட்கவே கூடாதா? தொடங்குகிற அன்றைக்கு உள்ளே யாருமே இல்லாத தளத்துக்கு யார் வருவார்கள்? இதே போல் ஒன்றை நம் மாவட்டத்துக்கு, முதல் தலைமுறையாகப் படித்துவிட்டு யாரிடம் யோசனை கேட்பது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்காகச் செய்ய எனக்கு ரொம்ப ஆசை. அது கைக்குள் அடங்குமா, இல்லை நெருப்பா?


ஜங்ஷன் பழசு:

தங்கச்சி, முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றது என் மண்டைக்கு மேலே.

அமெரிக்காவில் வைத்தியத் தொழில் செய்கிறவர்களுக்கு என்பிஐ என்று பத்து இலக்க எண் உண்டு. அரசாங்கமே அந்தப் பதிவேட்டை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது, உன் நிரலிலிருந்தே நேரடியாகக் கேட்டு வாங்கலாம். ஆனால் அது அடையாள எண்தான், உரிமம் அல்ல. உரிமம் இன்னும் உயிரோடு இருக்கிறதா, ஏதாவது ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்று பார்க்க அந்தந்த மாநில மருத்துவ வாரியத் தளத்துக்குத்தான் போக வேண்டும். வக்கீலுக்கு மாநில பார் சங்கம். முதல் நூறு பேரை மனுசக் கையால் சரிபார், இயந்திரத்தை அப்புறம் நம்பலாம்.

இன்னொன்று ரொம்ப முக்கியம். யார் வந்து எதைப் பார்க்கிறார் என்று பேஸ்புக்குக்குச் சொல்லிக் கொடுக்கிற விளம்பரத் துணுக்கை, நகைக்கடைத் தளத்தில் போடுகிற மாதிரி இதில் ஒட்டிவிடாதே. மனநல ஆலோசகரைத் தேடி ஒருத்தி வருகிறாள் என்பதே அவளுடைய உடல்நலத் தகவல். 2023இல் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் ஆலோசனை நிறுவனம் பயனர்களின் தகவலை பேஸ்புக் போன்றவர்களுக்குக் கொடுத்தது என்று அமெரிக்க வணிக ஆணையம் பிடித்தது. 78 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. உன் அக்கா நர்ஸ் சம்பளத்தில் அதைக் கட்டமாட்டாள்.

எல்லா ஊரும் எல்லாத் தொழிலும் என்று தொடங்காதே. நான் 2012இல் திருநெல்வேலிக்குக் கல்யாண வேலைக்காரர் பட்டியல் ஒன்று போட்டேன். சமையல், மேளம், பந்தல், போட்டோ, எல்லாம் சேர்த்து முந்நூறு பேர். பழைய போன் புத்தகம், நோட்டீஸ், சுவர் எழுத்து என்று பொறுக்கியது. ஆறு மாதத்தில் பாதி நம்பர் செத்துப்போயிற்று. பந்தல்காரருக்குப் போட்டால் பெட்ரோல் பங்க்கில் எடுக்கிறார்கள். ஒரு வருஷத்தில் மூடினேன். ஒரே ஊர், ஒரே தொழில், ஐம்பது பேர். அந்த ஐம்பது பேருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போன் போட ஒரு ஆள். அந்த ஆள் யார் என்று முடிவான பிறகுதான் நிரலில் கை வைக்க வேண்டும். அதுவரை ஒரு கூகுள் தாள் போதும்.


அம்பையிலிருந்து நியூஜெர்சி:

பதினெட்டு வருஷமாக இங்கே இருக்கிறேன். அக்காவின் யோசனைக்கு இங்கே வேர் இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குப் போகிற வழியில் ஹாக்கன்சாக் என்று ஓர் ஊர் வரும். அங்கே தபால்காரராக இருந்த விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற கறுப்பர் 1936இல் ஒரு கையேடு போட்டார். காரில் வெளியூர் போகிற கறுப்பர்களுக்கு எந்த விடுதியில் இடம் கொடுப்பார்கள், எந்தக் கடையில் சாப்பாடு போடுவார்கள், எங்கே முடி வெட்டுவார்கள் என்ற பட்டியல். ‘கிரீன் புக்’ என்பார்கள். முப்பது வருஷம் வந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஊர் ஊராகத் தகவல் எப்படிச் சேர்த்தார் என்றால், மற்ற ஊர்த் தபால்காரர்கள் வழியாக. எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று தபால்காரனுக்குத் தெரியாதா என்ன?

இன்றைய உதாரணம் அக்கா ஊரிலேயே இருக்கிறது. ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்டு என்ற உளவியலாளர் 2014இல் ‘தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்’ தொடங்கினார். கறுப்பினப் பெண்கள் ஆலோசகரைத் தேடும் பட்டியலும் அதில் உண்டு. அதை ஒரு தடவை ஆற அமரப் பாருங்கள், பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

உங்கள் அம்மா கதையைப் படித்ததும் எனக்கு ஓக்லண்டு ஆய்வு ஞாபகம் வந்தது. 1300க்கும் மேற்பட்ட கறுப்பின ஆண்களை முடிதிருத்தும் கடைகளிலும் சந்தைகளிலும் போய்ச் சேர்த்தார்கள். 14 டாக்டர்கள், சிலர் கறுப்பர், சிலர் அல்லர். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு தரப்பிலும் ஆட்கள் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். கறுப்பின டாக்டரோடு பேசிய பிறகு சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைக்குச் சம்மதித்தவர்கள் தெளிவாகவே அதிகம். அதிலும் இரத்தம் எடுக்க வேண்டிய பரிசோதனைகளில்தான் வித்தியாசம் பெரிது. 2019இல் பொருளாதார ஆய்விதழில் வந்தது. ஆனால் இந்த நாட்டு மக்களில் கறுப்பர் 13 சதவீதம், டாக்டர்களில் 5 சதவீதம்தான். உங்கள் தளத்தில் தேடுகிறவர்கள் நூறு பேர் என்றால் டாக்டர் ஒருவர் கிடைப்பதே பாடாக இருக்கும். அவருக்கும் நேரம் இருக்காது. அதற்கும் தயாராகுங்கள்.

ஒரு சட்டச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். 1866ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம் ஒப்பந்தங்களில் இனம் பார்ப்பதைத் தடுக்கிறது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்களுக்காக வந்த சட்டம் அது. அட்லாண்டாவில் ஃபியர்லெஸ் ஃபண்டு என்ற அமைப்பு கறுப்பினப் பெண்கள் நடத்தும் சிறு தொழிலுக்கு 20,000 டாலர் உதவித்தொகை கொடுத்தது. அதே 1866 சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டார்கள். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்தது, செப்டம்பரில் சமரசமாகி திட்டம் மூடப்பட்டது. ஆகவே ‘இந்த இனத்தவர் மட்டுமே பதியலாம்’ என்று வாசலில் எழுதாதீர்கள். யார் வேண்டுமானாலும் பதியட்டும், தன்னைப் பற்றி விரும்பியதைச் சொல்லட்டும். தேடுகிறவர் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். அட்லாண்டாவிலேயே ஒரு வக்கீலிடம் காட்டாமல் திறக்க வேண்டாம். வக்கீல்களைப் பட்டியலில் சேர்ப்பதாக இருந்தால் மாதக் கட்டணம் வாங்கலாம், அனுப்பிய ஆள் கணக்குக்குக் கமிஷன் மட்டும் வாங்கக் கூடாது. அங்கே வக்கீல் தொழில் விதிப்படி அது தப்பு.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் கசப்பானது. ‘இந்தியர்’ என்று ஒரு பெட்டி வைப்பீர்கள். அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு ஒருவர் இன்னொருவரிடம் “ஊர்ல எந்தத் தெரு?” என்று கேட்பார். இங்கேயும் கேட்கிறார்கள், எங்கள் தீபாவளி விருந்திலேயே கேட்டார்கள். சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது சும்மா இல்லை.


கோர்ட்டு வாசல்:

பாளையங்கோட்டை கோர்ட்டில் பிராக்டீஸ் செய்கிறேன். நம் மாவட்டத் தளம் பற்றிக் கேட்டீர்கள். வக்கீல் பகுதியை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.

பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதி 36இன்படி நாங்கள் விளம்பரம் செய்யக் கூடாது, ஆள் பிடிக்கக் கூடாது. 2008இல் ஒரு சலுகை வந்தது. சொந்தத் தளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறையில் தொழில் என்ற அளவில் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் போக முடியாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இணையதளங்களில் வக்கீலைச் சரக்குப் போலப் பட்டியல் போட்டு நட்சத்திரம் கொடுப்பதைக் கடுமையாகக் கண்டித்தது. அப்படித் தொழில் பிடிக்கும் வக்கீல்கள் மேல் நடவடிக்கை எடுக்கப் பார் கவுன்சிலுக்கு உத்தரவும் போட்டது. நீங்கள் நல்ல எண்ணத்தில் ஒரு ஜூனியர் பெண் வக்கீல் பெயரைப் போடுவீர்கள், அவருக்கு நோட்டீஸ் போகும்.

அமெரிக்காவுக்கு ஒரு வீடு, இங்கே ஒரு வீடு என்று வையுங்கள். ஒரே படத்தை வைத்து இரண்டு ஊரில் கட்ட முடியாது. வழக்கு உதவி தேவைப்படுகிறவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழி காட்டினால் போதும்.


தேரிக்காட்டு டீச்சர்:

வலைக்காரித் தங்கச்சி, உங்கள் அம்மா கதை நன்றாக இருந்தது. அதைப் படித்துவிட்டு இங்கே சில பேருக்கு ‘அப்போ சாதியே பேச வேண்டாம், பீடி என்று சொன்னால் போதும், முதல் பட்டதாரி என்று சொன்னால் போதும்’ என்று ஒரு நிம்மதி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அந்த நிம்மதியைக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் நாங்குநேரிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். வீடு புகுந்து ஒரு மாணவனையும் தங்கச்சியையும் வெட்டினார்கள், வெட்டியது கூடப் படித்த பிள்ளைகள். அதற்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு அமைத்தார்கள், 2024 ஜூனில் அறிக்கை வந்தது, கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. நீங்கள் ‘கலர்’ என்றால் பெண் பார்க்கிற நாளோடு முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். என் வகுப்பில் கலர் என்றால் கயிறு. எட்டாம் வகுப்புப் பையனுக்கு எந்தக் கலர் எந்தத் தெரு என்று தெரியும்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கு என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இன் கீழ் போகிறோம் என்றால், எங்களுக்கு எங்கள் ஆள் வக்கீலாக வேண்டும். அது வெறும் பாசம் இல்லை. மற்றவர் ஃபைலை எடுத்துவிட்டு எதிராளி வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். சட்டமே அதைப் புரிந்துகொண்டிருக்கிறது. 1995 விதிகளில் நான்காவது விதி இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் கலெக்டர் மூத்த வக்கீல் ஒருவரை வழக்கு நடத்த நியமிக்கலாம். அது தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கோர்ட்டு வாசல் அண்ணாச்சி, பட்டியல் போடக் கூடாது என்று சொன்னீர்கள், சரி. இந்த விதியையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே.

அதே நேரத்தில் எங்கள் ஆட்களின் பெயர், ஊர், வேலை பார்க்கும் இடம் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் தேடும்படி போட்டு வைத்தால் அதை முதலில் யார் திறந்து பார்ப்பார்கள் என்றும் யோசியுங்கள். டாக்டர் தேடுகிற அம்மா பார்க்கமாட்டாள். இது என்னடா இரண்டையும் சொல்கிறாளே என்று நினைப்பீர்கள். எனக்கும் இரண்டும்தான் தெரிகிறது.


கோர்ட்டு வாசல்:

டீச்சரம்மா சொன்னது சரி, அந்த விதியைச் சொல்லாமல் விட்டது என் பிழை. திருநெல்வேலியில் அந்தச் சட்டத்துக்கென்றே தனி சிறப்பு நீதிமன்றமும் இருக்கிறது. விண்ணப்பத்தைக் கலெக்டருக்கு எழுத்தில், வழக்குத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது.


பாளை வலைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் அக்கா, உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன். கலர் பற்றி நான் எழுதியது விளையாட்டுத்தனம்தான். அம்மா கதை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதில் நான் தெருவைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பதும்தான். அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

என்ன செய்திருக்கிறேன் என்று சொல்கிறேன்.

அட்லாண்டா தளத்தில் அந்த விரியும் பட்டியலை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் டாக்டரே தன் வார்த்தையில் நான்கு வரி எழுதுகிற ஓர் இடம். எங்கே வளர்ந்தேன், வீட்டில் என்ன மொழி, யாருடைய கஷ்டம் எனக்குச் சொல்லாமலே புரியும். எழுதலாம், எழுதாமலும் விடலாம். அக்கா முதலில் சண்டை போட்டாள். “இங்க எல்லா ஃபாரத்துலயும் இனம் கேட்பாங்கடி, சென்சஸ்லயே கேட்பாங்க, இதுல என்ன?” என்றாள். அவளுடைய தோழி ஒருத்திதான், கறுப்பினப் பெண், பேச்சில் இடையில் வந்து சொன்னாளாம்: ‘கறுப்பர்’ என்று ஒரு பெட்டியில் டிக் அடித்தால் நைஜீரியாவிலிருந்து போன வருஷம் வந்த டாக்டரும் என் அத்தையோடு ஜார்ஜியா கிராமத்துப் பள்ளியில் படித்த டாக்டரும் ஒன்றாகிவிடுவார்கள், எனக்கு வேண்டியது இரண்டாவது ஆள் என்று. அப்புறம் அக்கா ஒத்துக்கொண்டாள். ஆனாலும் தேடுகிறவர்களுக்கு இனம் வைத்துத் தேடும் வசதி வேண்டும் என்று மற்ற மூவரும் பிடிவாதமாக இருக்கிறார்கள், அது அவர்கள் ஊர், அவர்களுக்குத்தான் தெரியும். டாக்டர் தானாகச் சொன்னால் மட்டும் அந்தத் தேடலில் வருவார். ஜங்ஷன் அண்ணாச்சி சொன்னபடி அட்லாண்டா மட்டும், மனநல ஆலோசகர்கள் மட்டும். போன் போடுகிற ஆள் அந்தப் பிலிப்பைன்ஸ் அக்கா, நைட் ஷிப்ட் முடிந்து மதியம் எழுந்ததும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். விளம்பரத் துணுக்கு கிடையாது.

நம் ஊருக்குத் தளம் கட்டவில்லை. கட்டினால் யார் திறந்து பார்ப்பார் என்று டீச்சர் அக்கா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு போன் நம்பர், ஒரு நோட்டு. கூப்பிடுகிறவர் என்ன வேண்டும், யார் மாதிரி ஆள் வேண்டும் என்று சொல்லட்டும். சாதி சொல்லித்தான் கேட்பேன் என்றாலும் சொல்லட்டும். நான் இந்தப் பக்கத்து ஆளைக் கூப்பிட்டு, உங்களைப் போன்றவரிடம் பேச ஒருவர் விரும்புகிறார், பேசுகிறீர்களா என்று கேட்பேன். சரி என்றால் மட்டும் நம்பரைக் கொடுப்பேன். மெதுவான வேலைதான். டாக்டர், நர்ஸ், இன்ஜினியர், பேங்க் ஆட்கள் மட்டும். வழக்கு என்று வந்தால் அந்த நான்காவது விதியையும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

நோட்டுக்கு ஆள் சேர்ந்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அப்பா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சேரன்மகாதேவி சுற்றுவட்டாரத்தில் முப்பத்தொரு வருஷம் சைக்கிள் மிதித்தவர். நியூஜெர்சி அண்ணன் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அந்த அமெரிக்கத் தபால்காரர் சைக்கிளில் போனாரா, நடந்தா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், பேப்பர் கொண்டு வரச் சொன்னார். “பிள்ளையார் கோவிலுக்குப் பின்னால் மூன்றாவது வீட்டுக்கு மெடிக்கல் காலேஜ் கார்டு நான்தான் கொடுத்தேன். அந்தப் பிள்ளை இப்ப ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் இருக்கும். வாய்க்கால் கரையில் ஒரு வீடு, பேங்க் ஆர்டர். கையெழுத்துப் போடுகையில் அவங்கம்மாவுக்குக் கை நடுங்கிச்சு.” இப்படியே சொல்லிக்கொண்டே போனார். பதினொரு வீடு. எல்லாத் தெருவும் அதில் இருந்தது. அவர் தெருப்பெயரைச் சொல்லித்தான் சொன்னார், வேறு எப்படிச் சொல்வார்?

பதினொன்றில் ஒன்பது பேரைப் பிடித்துவிட்டேன். ஏழு பேர் சரி என்றார்கள். ஒருவருக்கு நேரமில்லையாம். இன்னொருவர் அப்பாவை நன்றாக விசாரித்துவிட்டு, “என் ஆஸ்பத்திரியில நான் யாருன்னு யாருக்கும் தெரியாதும்மா, அப்படியே இருக்கட்டும்” என்றார். அவர் பெயரை என் தாளில் அடித்துவிட்டேன், போனிலிருந்தும் நம்பரை அழித்துவிட்டேன். அப்பா தன் பேப்பரில் அடிக்க மாட்டேன் என்கிறார். அந்தக் கார்டைக் கொடுத்தது நான்தானே என்கிறார்.